பிரேக் டிஸ்க் தேய்மானம்: கட்டுப்படியான விலையில் கருவி வாங்கி வீட்டிலேயே அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

காரின் முன்சக்கர பிரேக் டிஸ்க் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம். அதற்கான கருவி ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. ஆனாலும் புதிதாக இறங்குபவர்களில் பலர் தவறான எண்ணைத்தான் குறித்துக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் வரிசை மாறிப்போவதுதான் காரணம்: முதலில் கருவியை வாங்கிவிடுகிறார்கள், அப்புறம்தான் டிஸ்க்கைப் பார்க்கிறார்கள்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் இதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ தெருவில் நிற்கும் காரின் டிஸ்க் ஓரத்தில் துரு தடிப்பாக ஏறியிருக்கும். பிரேக் பேடு (டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வி நிறுத்தும் கட்டை) உரசும் இடம் பளபளவென்று தேய்ந்து உள்வாங்க, உரசாத ஓரம் மேடாக நிற்கும். அந்த மேட்டின் மேல் சாதாரண வெர்னியரை (இரண்டு தாடையால் கவ்வி அளக்கும் கருவி) வைத்து அளந்தால், தேய்ந்துபோன டிஸ்க்கும் நல்ல டிஸ்க்காகத்தான் தெரியும். கீழே சொல்வதெல்லாம் இந்த மேட்டைத் தாண்டி உண்மையான எண்ணை எடுப்பதற்காகத்தான்.

1. முதலில் டிஸ்க்கில் இருக்கும் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

கருவிக் கடைக்குப் போவதற்கு முன் இரண்டு எண்கள் தெரிய வேண்டும்: டிஸ்க் புதிதாக இருந்தபோது என்ன தடிமன், எந்தத் தடிமனுக்குக் கீழே போனால் கழற்றிப் போட வேண்டும். இரண்டாவது எண்தான் முக்கியம். பெரும்பாலான டிஸ்க்குகளில் அது வெளி விளிம்பிலோ, நடுவில் தொப்பி மாதிரி எழும்பியிருக்கும் பகுதியிலோ பதிக்கப்பட்டிருக்கும். மினிமம் திக்னஸ் என்பதன் சுருக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், பக்கத்தில் மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும்.

நம் பக்கத்துக் கார்களில் அந்த எழுத்துத் துருவுக்குள் புதைந்து கிடக்கும். கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிட்டு, சாக்பீஸைப் படுக்கவைத்து மேலே பூசி, துணியால் லேசாகத் துடையுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து தெரியும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தேட வேண்டாம்.

அங்கும் கிடைக்கவில்லையென்றால் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். காரோடு வரும் ஓனர் மேனுவலில் பெரும்பாலும் இருக்காது. டிஸ்க் தயாரிக்கும் கம்பெனிகளின் கேட்டலாக்கில் வண்டி மாடலைப் போட்டால் இரண்டு எண்களும் வரும். ஒரே மாடலில் பெட்ரோலுக்கு ஒரு டிஸ்க், டீசலுக்கு வேறு டிஸ்க் இருப்பது சகஜம். அதனால் வருடத்தையும் இன்ஜினையும் சரியாகக் கொடுங்கள்.

சின்ன கார்களில் நடுவில் காற்றுவழி இல்லாத ஒற்றைத் தகடு டிஸ்க் 10 முதல் 12 மி.மீ. இருக்கும். நடுவில் காற்றுவழி உள்ள டிஸ்க் 17 முதல் 25 மி.மீ. வரை, பெரிய வண்டிகளில் அதற்கு மேலும் போகும். புதிய தடிமனுக்கும், டிஸ்க்கைக் கழித்துப் போட வேண்டிய தடிமனுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் 2 மி.மீ. சுற்றித்தான். இரண்டு பக்கமும் சேர்த்து 2 மி.மீ., அதாவது ஒரு பக்கத்துக்கு ஒன்று. இவ்வளவு குறுகிய இடைவெளியில் அரை மி.மீ. தப்பாக அளந்தால் டிஸ்க்கின் ஆயுளில் கால்வாசியைத் தப்பாகக் கணக்குப் போட்டதாகிவிடும்.

2. எதற்காக அளக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

"டிஸ்க் போயிடுச்சு" என்று ஒர்க்ஷாப்பில் சொல்வதில் மூன்று தனித்தனி விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, தடிமன் குறைந்திருக்கலாம். இரண்டு, ஒரே டிஸ்க்கில் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கலாம். மூன்று, டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் ஆடலாம்.

முதல் இரண்டுக்கும் மைக்ரோமீட்டர் (திருகி மூடி நுணுக்கமாக அளக்கும் கருவி) ஒன்று போதும். மூன்றாவதற்கு டயல் கேஜும் (ஆட்டத்தை முள் நகர்ந்து காட்டும் கருவி), அதைப் பிடித்து நிறுத்தும் காந்த ஸ்டாண்டும் வேண்டும். ஈ.சி.ஆரில் 80, 90-இல் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் அதிர்கிறது என்றால் இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்க்க வேண்டும். பேடு மாற்றும் நேரம் வந்துவிட்டது, டிஸ்க் இன்னும் தாங்குமா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் முதல் அளவே போதும். தேவையில்லாமல் டயல் கேஜ் வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள்.

3. எந்தக் கருவி, என்ன விலை

கீழே உள்ள விலைகள் சுமாரானவை. கடைக்குக் கடை மாறும்.

பிளாஸ்டிக் டிஜிட்டல் வெர்னியர், 300 முதல் 500 ரூபாய். 0.1 மி.மீ. வரைதான் காட்டும். அழுத்திப் பிடித்தால் தாடையே வளைந்து கொடுக்கும். பேடு தடிமன் பார்க்கலாம். டிஸ்க்குக்கு இதை நம்பாதீர்கள்.

ஸ்டீல் டிஜிட்டல் வெர்னியர், 150 மி.மீ., 800 முதல் 1,500 ரூபாய். 0.01 வரை திரையில் காட்டினாலும் 0.03 மி.மீ. வரை முன்பின் இருக்கலாம். டிஸ்க் கழிக்கும் அளவுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க இது போதும். ஆனால் தாடை தட்டையாக இருப்பதால் துரு மேட்டின் மேல்தான் உட்காரும். அதைச் சமாளிக்கும் வழி 8-ஆம் பகுதியில் இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே நல்ல ஸ்டீல் வெர்னியர் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், நேரே அங்கே போய்விடுங்கள்.

மைக்ரோமீட்டர், 0–25 மி.மீ., 700 முதல் 1,500 ரூபாய். என்னைக் கேட்டால் பெரும்பாலான கார்களுக்கு வாங்க வேண்டியது இதுதான். வளைந்த சட்டம் துரு மேட்டுக்கு வெளியே சுற்றி வர, முனைகள் மட்டும் மேட்டைத் தாண்டி உள்ளே தேய்ந்த பரப்பில் போய்த் தொடும். 0.01 மி.மீ. நம்பி எடுக்கலாம். பேட்டரியும் வேண்டாம்.

மிட்டுடோயோ மாதிரியான பெயர்பெற்ற ஜப்பான் மைக்ரோமீட்டர் இதைவிடப் பல மடங்கு விலை. கருவி அருமையானதுதான், ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை டிஸ்க் அளக்க அது தேவையில்லை. அந்தப் பெயரில் போலிகள் நிறைய உலவுகின்றன என்பதால், அந்தப் பெயர் போட்டு ஆயிரம் ரூபாய்க்குத் தருகிறேன் என்றால் எட்டிப் போய்விடுங்கள். இன்சைஸ் போன்ற நடுத்தர பிராண்டோ, கடைக்காரர் மாற்றித் தரச் சம்மதிக்கும் சாதாரண பிராண்டோ போதும்.

கூர்முனை பிரேக் டிஸ்க் வெர்னியர். டிஸ்க் அளப்பதற்கென்றே செய்தது. தாடை நுனிகள் உள்பக்கம் ஊசி மாதிரி வளைந்து, மேட்டைத் தாண்டி நேராகப் பரப்பைத் தொடும். நம் ஊர்க் கடைகளில் அபூர்வம், ஆன்லைனில்தான் தேட வேண்டும்.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள், பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. புதிய தடிமன் 26 மி.மீ., கழிக்க வேண்டியது 24 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0–25 மைக்ரோமீட்டரை முழுக்கத் திறந்தாலும் 26 மி.மீ. மேட்டைத் தாண்டி உள்ளே போகாது. 25–50 மைக்ரோமீட்டர் உள்ளே போகும், ஆனால் 25-க்குக் கீழே இறங்காது. டிஸ்க் 24.6-க்குத் தேய்ந்திருந்தால் இரண்டாலும் அளக்க முடியாது. இந்த மாதிரி டிஸ்க்குக்குக் கூர்முனை வெர்னியர் வாங்குங்கள், அல்லது 8-ஆம் பகுதி முறையைப் பின்பற்றுங்கள். டிஸ்க்கின் எண்ணை முதலில் பாருங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு வழி, காசே இல்லாதது. புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கமும், கடலூர் சிப்காட் பக்கமும் லேத் பட்டறைகள் இருக்கின்றன. மைக்ரோமீட்டர் இல்லாத லேத் கிடையாது. கழற்றிய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய், "அண்ணே, நாலு இடத்துல மைக் வச்சுப் பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். பேடு மாற்ற எப்படியும் எல்லாம் கழற்றப்போகிறீர்கள் என்றால் இதைவிடச் சுலபம் இல்லை.

4. கடையில் சோதித்து வாங்குவது

மில் ஸ்டோர், ஹார்டுவேர் கடை, ஆன்லைன், புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பரப்பி வைத்திருக்கும் பழைய சாமான் என்று எங்கே வாங்கினாலும் சோதனை ஒன்றுதான்.

மைக்ரோமீட்டரின் இரு முனைகளையும் சுத்தமான வெள்ளைத் தாளில் கவ்வ வைத்து மெதுவாகத் தாளை இழுங்கள். முனையில் உள்ள எண்ணெயும் தூசியும் போய்விடும். பிறகு பின்னால் இருக்கும் ராட்செட்டை (போதுமான அழுத்தம் வந்ததும் டிக் என்று நழுவும் குமிழ்) திருகி மூடுங்கள். மூன்று டிக் சத்தம் வந்ததும் பூஜ்யக் கோடு நேராக நிற்கிறதா பாருங்கள். ஒரு கோடு முன்பின் இருந்தால் பரவாயில்லை, கூடவே வரும் கொக்கிச் சாவியால் திருத்தலாம். ஒவ்வொரு முறை மூடும்போதும் வேறு வேறு இடத்தில் நின்றால் வாங்க வேண்டாம். பூஜ்யத்திலிருந்து 25 வரை ஓட்டிப் பாருங்கள், எங்கும் பிடிக்கக் கூடாது.

பூஜ்யம் சரியாக இருந்தாலும் 20 மி.மீ.-இல் சரியாகக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதற்கு ஒரு மலிவான சோதனை உண்டு. பேரிங் கடையில் 608 எண் பேரிங் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பிராண்டாகக் கேளுங்கள். அதன் வெளி விட்டம் 22 மி.மீ., சாதாரணத் தரத்திலேயே 0.009 மி.மீ.-க்கு மேல் குறையக் கூடாது என்பது விதி. உங்கள் மைக்ரோமீட்டர் அதை 21.99 அல்லது 22.00 என்று காட்டினால் டிஸ்க்குக்குத் தாராளமாக நம்பலாம். அகலத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். பேரிங்கின் அகலத்துக்கு விதியிலேயே தளர்வு அதிகம்.

வெர்னியர் என்றால் தாடையை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தாடை நெடுக ஒரே மாதிரி மூட வேண்டும், நுனியில் வெளிச்சம் கசியக் கூடாது. அதையும் இதே பேரிங்கில் சோதிக்கலாம்.

5. வண்டியைத் தூக்குவதற்கு முன்

சமதரை, கட்டாந்தரை. மணலில் ஜாக்கி புதையும், கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் இதை மறந்துவிடாதீர்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரமும் சுற்றும், வண்டியும் ஆடும்.

தூக்கியதும் ஜாக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதை நம்பி வண்டியின் கீழ் கையோ காலோ வைக்காதீர்கள்.

வண்டி ஓட்டி வந்த சூட்டோடு அளக்கக் கூடாது. 22 மி.மீ. டிஸ்க் 100 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 0.02 மி.மீ. தடிக்கும். தேய்மானக் கணக்கில் அது பெரிதல்ல, ஆனால் அதிர்வுக்காக இடத்துக்கு இடம் வித்தியாசம் தேடும்போது அதே 0.02-தான் நீங்கள் தேடும் அளவு. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அளப்பது நல்லது.

6. துருவைச் சுத்தம் செய்யுங்கள்

சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் காலிப்பரை (பேடுகளைப் பிடித்திருக்கும் பகுதி) கழற்ற வேண்டியதில்லை. டிஸ்க்கில் காலிப்பர் மூடாத பகுதி போதும், கையால் சுற்றிச் சுற்றி எல்லா இடத்தையும் அங்கே கொண்டுவரலாம்.

பேடு உரசும் பரப்பைப் பிரேக் கிளீனர் தெளித்துத் துணியால் துடையுங்கள். உள்பக்கத்தையும் விரல் விட்டுத் துடைக்க வேண்டும், அழுக்கு அங்கேதான் அதிகம். ராத்திரி மழையில் படியும் செம்மண் நிறத் துரு என்றால், முந்தின நாள் நாலு தெரு ஓட்டிப் பிரேக் பிடித்திருந்தாலே போயிருக்கும். அப்படியும் போகாத கெட்டித் துருவை நைஸான எமரி தாளால் லேசாகத் தேயுங்கள்.

துரு இளக்கும் ஸ்ப்ரே எதையும் டிஸ்க்கில் அடிக்காதீர்கள். அதில் எண்ணெய் இருக்கிறது. பேடில் ஏறினால் பிரேக் வழுக்கும், பேடையே மாற்ற வேண்டியதாகிவிடும். வீல் நட்டில் அடிக்கும்போதுகூட டிஸ்க் பக்கம் தெறிக்காமல் அட்டை பிடியுங்கள். பிரேக் தூசியை ஏர் வைத்து ஊதவும் கூடாது, மூச்சில் போகும். ஈரத் துணி போதும்.

ஓரத்துத் துரு மேட்டைத் தட்டி எடுக்கலாமா என்று கேட்பார்கள். எடுக்கலாம், உதிர்வதை மட்டும். ஆனால் மைக்ரோமீட்டர் வைத்திருந்தால் அதற்கு அவசியமே இல்லை. மேட்டின் உயரத்தை அளந்து அதுதான் தேய்மானம் என்று கணக்குப் போடுவதும் தப்பு. துரு ஏறிய இரும்பு உப்பும், அதனால் மேடு புதிய டிஸ்க்கின் தடிமனைவிடவும் அதிகமாக இருக்கும்.

7. எட்டு இடத்தில் அளப்பது

வெளி விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே, மேடு முடிந்து பளபளப்பு தொடங்கிய பிறகு உள்ள வட்டம்தான் அளக்கும் இடம். எட்டு இடத்திலும் இதே தூரத்தில் வையுங்கள். டிஸ்க் உள்பக்கமாக வேறு மாதிரி தேய்ந்திருந்தால், தூரம் மாறும்போது எண்ணும் மாறி உங்களைக் குழப்பும்.

சாக்பீஸால் எட்டுக் கோடு போட்டு 1 முதல் 8 வரை எண் எழுதுங்கள். 1-ஐ ஒரு வீல் போல்டுக்கு நேராக வையுங்கள், அடுத்த முறை அதே இடத்தில் தொடங்கலாம்.

மைக்ரோமீட்டரைத் திறந்து, டிஸ்க்கின் மேல் நுழைத்து, நிலையான முனையை உள்பக்கப் பரப்பில் ஒட்ட வையுங்கள். பிறகு திருகும் முனையைக் கொண்டுவாருங்கள். தொட்டதும் ராட்செட்டுக்கு மாறி மூன்று டிக். ராட்செட் இல்லாமல் கையால் இறுக்கினால் ஆளுக்கு ஆள் எண் மாறும். இறுகும்போது கருவியை லேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், சாய்ந்திருந்தால் தானே நேராகிக்கொள்ளும். சாய்ந்த மைக்ரோமீட்டர் எப்போதும் அதிகமாகத்தான் காட்டும்.

எண்ணைப் படிக்கும் இடத்தில் புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரு முறை தவறுகிறார்கள். உடல் பகுதியில் நீளக்கோட்டுக்கு ஒரு பக்கம் முழு மில்லிமீட்டர் கோடுகள், மறுபக்கம் அரை மில்லிமீட்டர் கோடுகள். சுற்றும் பகுதியில் 50 பிரிவுகள், ஒவ்வொன்றும் 0.01. இப்போது 20 என்ற கோடு தெரிகிறது, அதைத் தாண்டி அரைக்கோடும் தெரிகிறது, சுற்றும் பகுதியில் 41 நேராக நிற்கிறது என்றால் அளவு 20.91. அரைக்கோட்டைக் கவனிக்காவிட்டால் 20.41 என்று எழுதிவிடுவீர்கள். அந்த அரை மில்லிமீட்டரால் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் வெர்னியரால் தோராயமாக ஒரு முறை அளந்து ஒப்பிடுங்கள், 20.9-ஆ 20.4-ஆ என்பது தெளிவாகிவிடும்.

எட்டு எண்களையும் அங்கேயே எழுதுங்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஓர் எண் மட்டும் மற்றவற்றிலிருந்து எகிறி நின்றால் அந்த இடத்தை மறுபடி துடைத்து அளக்கவும். பாதி நேரம் அது துருப் பொட்டாகத்தான் இருக்கும்.

டிஸ்க்கில் ரெக்கார்டு மாதிரி கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தால் மைக்ரோமீட்டரின் தட்டை முனை பள்ளத்துக்குள் இறங்காது, மேடுகளின் மேல் நின்றுவிடும். நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் நன்றாகச் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், கூர்முனை வெர்னியரால்தான் பள்ளத்தின் அடியை அளக்க முடியும். அது இல்லையென்றால், வந்த எண்ணைவிட டிஸ்க் இன்னும் மெலிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

8. வெர்னியர் மட்டும்தான் இருக்கிறது என்றால்

ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட் எடுத்துக்கொள்ளுங்கள், 5 அல்லது 6 மி.மீ. முறுக்கு இல்லாத வழவழப்பான அடிப்பகுதிதான் தேவை. பலர் காசு வைத்து அளப்பார்கள். நம் காசுகளில் சிங்கமும் எண்ணும் புடைத்திருப்பதால் வைக்கும் இடத்தைப் பொறுத்து அளவு மாறும். டிரில் பிட் உருண்டை, எங்கே தொட்டாலும் ஒன்றுதான்.

முதலில் இரண்டு பிட்டின் தடிமனும் சேர்ந்து வரும்படி ஒன்றன்மேல் ஒன்றாகத் தாடைக்குள் கவ்வ வைத்து, டிஜிட்டல் வெர்னியரின் ஜீரோ பட்டனை அழுத்துங்கள். இனி டிஸ்க்கின் இரு பக்கமும் ஒவ்வொரு பிட்டை வைத்து, அவற்றின் மேல் தாடையை மூடினால் திரையில் வருவது நேராக டிஸ்க்கின் தடிமன். கழித்தல் கணக்கே இல்லை. சாதாரண வெர்னியர் என்றால் இரண்டு பிட்டின் கூட்டு அளவை எழுதிவைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். பிட்டின் மேல் 6 என்று போட்டிருப்பதை நம்பிக் கழிக்க வேண்டாம், கொஞ்சம் குறைவாக இருக்கும்.

பிட் இரண்டும் மேட்டுக்கு உள்ளே, டிஸ்க்கின் வட்டத்தோடு போகிற வாக்கில் படுத்திருக்க வேண்டும். மையத்தை நோக்கி வைத்தால் மேட்டின் மேல் ஏறிவிடும். இரண்டு கை போதாது. பிட்டுகளை முதலிலேயே ரப்பர் பேண்டால் தாடைகளோடு கட்டிக்கொள்ளுங்கள், அல்லது பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

இதே உத்தியை 26 மி.மீ. டிஸ்க்குக்கு 25–50 மைக்ரோமீட்டரிலும் செய்யலாம். ஒரு பக்கம் மட்டும் ஒரு பிட் வைத்தால் போதும். மொத்த அளவு 25-க்கு மேல் போய்விடும், பிட்டின் தடிமனைக் கழித்தால் விடை.

வித்தியாசம் எவ்வளவு வரும் என்று பார்க்க, ஒரே டிஸ்க்கை மேட்டின் மேல் ஒரு முறையும் பிட் வைத்து ஒரு முறையும் அளந்து பாருங்கள். கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் ஒரு மில்லிமீட்டர் வரைகூட வித்தியாசம் வரும்.

9. எண்ணை வைத்து என்ன முடிவு செய்வது

எட்டில் எது மிகக் குறைவோ அதுதான் டிஸ்க்கின் தடிமன். சராசரி எடுக்காதீர்கள். மெலிந்த இடம்தான் முதலில் எல்லையைத் தொடும்.

அந்த எண் டிஸ்க்கில் பதித்த எண்ணுக்குக் கீழே இருந்தால் பேச்சே இல்லை, மாற்றுங்கள். மெலிந்த டிஸ்க்கில் சூட்டைத் தாங்க இரும்பு போதாது. பேடும் தேய்ந்திருந்தால் அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வரும். ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து, புதுப் பேடோடு.

மேலே இருந்தால் எவ்வளவு மேலே என்பதுதான் கேள்வி. ஓர் உதாரணம்: புதியது 22, கழிக்க வேண்டியது 20, இப்போது 20.9, வண்டி ஓடியது 40,000 கிலோமீட்டர். 1.1 தேய 40,000 ஆனது, மிச்சம் 0.9, அப்படியென்றால் இன்னும் சுமார் 32,000 கிலோமீட்டர். துரு இந்தக் கணக்குக்குள் வராது. அதனால் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அளந்து திருத்திக்கொள்ளுங்கள். புதுப் பேடு போடும் நேரத்தில் மிச்சம் அரை மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் நான் டிஸ்க்கையும் சேர்த்து மாற்றச் சொல்வேன். பேடு தேய்வதற்குள் டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடும், அப்போது புதுப் பேடும் வீண்.

லேத்தில் கடைசல் போடலாம் என்று சொன்னால், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு எடுப்பார்கள் என்று கேளுங்கள். 0.3 என்றால் மொத்தம் 0.6 போகும். 20.9-இலிருந்து 20.3. எல்லைக்கு மேலேதான், ஆனால் மிச்சமிருந்த ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. புது டிஸ்க்கின் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

எட்டு எண்களில் பெரியதற்கும் சிறியதற்கும் வித்தியாசம் 0.02 மி.மீ.-ஐ நெருங்கினால் பிரேக் பிடிக்கும்போது அதிர்வு வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நீண்ட நாள் நகராமல் ஈரத்தில் நின்ற வண்டிகளில் பேடு இருந்த இடத்தில் துரு அச்சு விழுந்து இது வரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது வெள்ளத்தில் நின்ற வண்டிகள் மாதிரி ஏதாவது உங்களிடம் இருந்தால், எட்டு இடம் அளப்பதை விட்டுவிடாதீர்கள்.

10. அதிர்வு இருந்தால் மட்டும்: டயல் கேஜ்

தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தும் ஸ்டியரிங் அதிர்கிறது என்றால் பக்கவாட்டு ஆட்டத்தைப் பாருங்கள். 0.01 மி.மீ. டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் சேர்த்து 1,500 முதல் 2,500 ரூபாய் ஆகும். புனேயின் பேக்கர் டயல் கேஜ் நல்லது, விலை கூடுதல்.

முதலில் வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். அது ஆடினால் இந்த அளவு அர்த்தமில்லாதது. பல கார்களில் டிஸ்க்கைப் பிடித்திருப்பது வீல் நட்டுதான் என்பதால், சக்கரம் இல்லாதபோது டிஸ்க் தொளதொளவென்று இருக்கும். நட்டுகளை வாஷரோடு திரும்பப் போட்டு இறுக்கிய பிறகே அளக்க வேண்டும். இதை விட்டுவிட்டு அளந்து, டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

கேஜ் முனையை விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, பரப்புக்குச் செங்குத்தாக, லேசாக அழுந்தும்படி வைத்து முள்ளைப் பூஜ்யமாக்குங்கள். டிஸ்க்கை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றி, முள் மொத்தம் எவ்வளவு ஆடியது என்று பாருங்கள். பொதுவாக 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான் அனுமதி, சரியான எண் உங்கள் மேனுவலில் இருக்கும்.

அதற்கு மேல் வந்தால் உடனே டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். கழற்றி, ஹப்பில் (சக்கரமும் டிஸ்க்கும் பொருந்தும் நடுப்பகுதி) டிஸ்க் உட்காரும் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் துருச் செதில் டிஸ்க்கின் ஓரத்தில் இன்னும் பெரிய ஆட்டமாகத் தெரியும். அப்படியும் குறையவில்லையென்றால் டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி அளந்து பாருங்கள்.

11. திரும்ப மாட்டும்போது

நட்டை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, நட்சத்திர வாக்கில், இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். கடைசி இறுக்கம் வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு, முடிந்தால் டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுகியது என்று காட்டும் ஸ்பேனர்), மேனுவலில் சொன்ன அளவுக்கு. நட்டு இறுக்கும் ஏர் கன் வைத்து ஏனோதானோவென்று இறுக்கினால் டிஸ்க் ஒரு பக்கம் இழுபட்டு, இவ்வளவு நேரம் இல்லாத ஆட்டம் புதிதாக வந்துவிடும்.

காலிப்பரைக் கழற்றி பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தால், வண்டியை எடுப்பதற்கு முன் பிரேக் பெடலைக் கெட்டியாகும் வரை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதியில் பிரேக் இருக்காது.

12. கருவியை வைத்துக்கொள்வது

நம் ஊர்க் காற்றில் மைக்ரோமீட்டரே துருப்பிடித்துவிடும். வேலை முடிந்ததும் கை வியர்வையைத் துடைத்து, திருகுத் தண்டில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். முனைகளை இறுக மூடி வைக்காமல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் இரண்டும் ஒட்டிய இடத்திலேயே துரு பிடிக்கும். மலிவான டிஜிட்டல் வெர்னியர் அணைத்து வைத்தாலும் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும், அதனால் செல்லைக் கழற்றித் தனியாகப் போடுங்கள். எட்டு எண்களையும், தேதியையும், கிலோமீட்டரையும் எழுதிய சீட்டை அதே பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டால், அடுத்த முறை அளக்கும்போது ஒப்பிடக் கையிலேயே இருக்கும்.